சொன்ன கூலியும் சொல்லாத கூலியும்

சரக்கு விற்பவனுக்கு ஓர் ஆறுதல் உண்டு. கொள்முதல் இவ்வளவு, வாடகை இவ்வளவு, அதன்மேல் லாபம் இவ்வளவு என்று கணக்குப் பார்த்து விலை போட்டுவிடலாம். சரக்கும் தட்டில் எல்லோர் கண்ணுக்கும் தெரிய உட்கார்ந்திருக்கும். கைவேலை செய்து பிழைப்பவனுக்கு அந்த ஆறுதல் இல்லை. அவன் விற்பது தட்டில் வைக்க முடியாத பொருள். தன் உழைப்புக்குத் தானே விலை சொல்ல வேண்டும்; அதுவும் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டும். இது எவ்வளவு சங்கடமான காரியம் என்பதை, பெட்டியடியில் உட்கார்ந்தே நாற்பது வயதைத் தாண்டிவிட்ட நாம் சென்ற ஆண்டுதான் அறிந்தோம். அறிந்த விதம் நமக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் இந்த இதழைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற வியாபாரிகளாயிருப்பதால், மறைக்காமல் எழுதுவதே நலமென்று எண்ணுகிறோம்.

ஃபேரர் பார்க்கில், ஓவன் ரோட்டுப் பக்கம் நமக்கு ஒரு சிறிய ஹார்ட்வேர் கடை. குழாய், வால்வு, வாஷர், பூட்டு, ஆணி, பல்பு இவைதாம் சரக்கு. ஒருபுறம் பழைய அடுக்குமாடி வீடுகள். மறுபுறம் கடைவீடுகளும் சாப்பாட்டுக் கடைகளும். இந்த வட்டாரத்தில் முன்னே குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. 1933-ல் பந்தயம் புக்கித் தீமாவுக்குப் போய்விட்டது. ஆளைப் பார்த்துத் தொகை கட்டும் வழக்கம் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது என்று நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

நம் ஒன்றுவிட்ட சகோதரியின் மகன் ஒருவன், எட்டு வருஷம் ஒரு குழாய் வேலைக் கம்பெனியில் சம்பளத்துக்கு இருந்தவன், பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பிளம்பர் உரிமத்தையும் பெற்றுக்கொண்டு சென்ற ஆண்டு சொந்தமாகத் தொழில் தொடங்கினான். தேய்ந்த குழாயைக் கழற்றி வேறு மாட்டுவது, வாஷர் போடுவது போன்ற எளிய வேலைகளுக்கு இவ்வூரில் உரிமம் கேட்பதில்லை. புதிதாகப் பைப் இழுப்பது, இருப்பதை மாற்றியமைப்பது என்று வந்தால் உரிமம் பெற்றவர்தான் கை வைக்க வேண்டும். ஆகவே பிள்ளை அரைகுறைத் தொழிலாளி அல்லன். வாடகை வேனை நம் கடைவாசலில் முதன்முதலாகக் கொண்டுவந்து நிறுத்திய அன்று, நாமே கையேந்தி துஆச் செய்தோம்.

கூலி விஷயத்தில் அவன் எடுத்த முடிவு சுலபமானது. கம்பெனிக்காரர் வாங்குவதில் பாதி, அவ்வளவுதான். குழாய் மாற்ற 25 வெள்ளி என்றான். புளோக்கிலிருந்த பெண்மணிகள் எல்லாம், நல்ல பிள்ளை, கொள்ளையடிக்காத பிள்ளை என்று ஒருவருக்கொருவர் சொல்லி அவன் போன் நம்பரைக் கொடுத்தார்கள். நாமும் மகிழ்ந்தோம். சாமான்களையெல்லாம் அவன் நம் கடையில்தானே எடுத்தான்!

ஐந்து மாதம் கழிந்தபின் ஒரு நாள் சமையலறைக் குழாய் ஒன்று எடுத்தான். தட்டில் ஒட்டியிருந்த விலை 95 வெள்ளி. தொழிலாளிகளுக்கு நாம் கொடுக்கும் விலை 80. பணத்தைக் கட்டிவிட்டு, "மாமு, பில்லுல நூத்தி இருபதுன்னு போட்டுக் குடுங்க" என்றான்.

நாம் போட்டுக் கொடுத்தோம்.

அப்போது நம் கை நடுங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருபது வருஷமாக எத்தனையோ தொழிலாளிகளுக்கு அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறோம். அது ஒரு மரியாதை போல நடந்து வருகிறது. எழுதிக் கொடுக்காத கடைக்கு அவர்கள் மறுமுறை வருவதில்லை. பணம் நம் பெட்டிக்குள் வரவில்லையே, நமக்கென்ன என்று மனத்துக்குச் சமாதானமும் சொல்லிக்கொள்வோம். முத்திரை நம்முடையது, கையெழுத்து நம்முடையது என்பது அந்தச் சமாதானத்தில் வராது.

மறுவாரம் ஓர் அம்மையார் வந்தார். பக்கத்துப் புளோக்கில் தனியாக இருப்பவர். பள்ளியில் ஆசிரியையாயிருந்து ஓய்வு பெற்றவர். தங்கை வீட்டுக்கும் அதே குழாய் வேண்டுமென்று நம் கடைப் பில்லைக் கையோடு கொண்டுவந்திருந்தார். தட்டைப் பார்த்தார், பில்லைப் பார்த்தார். "பாய், இது அதே குழாய்தானே?" என்றார். ஆமாம்மா என்பதைத் தவிர நம்மால் வேறு என்ன சொல்ல முடியும்? அவர் கோபப்படவில்லை. "தம்பி இருபத்தஞ்சு வெள்ளிதான் கூலி கேட்டாரு. இவ்வளவு கம்மியா கேக்குறாரேன்னு நான் அஞ்சு வெள்ளி சேர்த்துக் குடுத்தேன். கூலியைக் கூடக் கேட்டிருந்தா குடுத்திருப்பேனே, பாய்" என்றார்.

நாம் 25 வெள்ளியை எடுத்து நீட்டினோம். வாங்கி எண்ணிக்கொண்டு, சரியான பில் ஒன்று எழுதித் தரும்படி கேட்டார். 95 என்று எழுதிக் கொடுத்தோம். பழைய பில்லை அவர் கிழிக்கவில்லை. மடித்துப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

அன்றிரவு பிள்ளையை வரவழைத்தோம். நாம் பேசிய பேச்சையெல்லாம் தலைகுனிந்து கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னான்: "மாமு, கணக்குப் பார்த்தா அவங்களுக்கு நான் நஷ்டம் பண்ணலியே. கம்பெனியைக் கூப்பிட்டிருந்தா இருநூறு ஆயிருக்கும்." அதற்கு நம்மிடம் உடனே பதில் இல்லை. நோட்டை எடு என்றோம். பெட்டியடியிலேயே இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

கம்பெனியில் அவன் சம்பளம் 2,600 வெள்ளி. அதற்குமேல் முதலாளி மத்திய சேம நிதிக்குக் கட்டியது நூற்றுக்கு 17 வீதம், அதாவது 442. ஆக மாதம் 3,042 வெள்ளி. இப்போது முதலாளி இல்லை; மெடிசேவுக்குக்கூடத் தானே கட்டிக்கொள்ள வேண்டும். காய்ச்சல் வந்து படுத்தால் அன்றைக்குக் கூலி கிடையாது. வேன் வாடகை 900, எண்ணெயும் பார்க்கிங்கும் 350, போன், இன்ஷூரன்ஸ், கருவித் தேய்மானம் 200. எல்லாம் கூட்டினால், பழைய நிலையிலேயே நிற்பதற்கு மட்டும் மாதம் 4,492 வெள்ளி வேண்டும். நாளெல்லாம் அவன் ஓடினாலும், காசு கொடுக்கும் வேலை ஐந்து மணி நேரத்துக்குமேல் இல்லை. மற்ற நேரமெல்லாம் விலை சொல்லப் போவதிலும், வண்டி நிறுத்த இடம் தேடுவதிலும், நம் கடையில் சாமானுக்கு நிற்பதிலும், முன்பு செய்த வேலையில் சொட்டுகிறதென்று திரும்பப் போய்ச் சும்மா பார்த்துக் கொடுப்பதிலும் கழிகிறது. மாதம் 22 நாளென்றால் 110 மணி. வகுத்துப் பார்த்தால் மணிக்கு ஏறக்குறைய 41 வெள்ளி. போய், பழையதைக் கழற்றி, புதியதை மாட்டி, சுத்தம் செய்து கிளம்ப ஒன்றரை மணியாகும் குழாய் வேலைக்கு 60 வெள்ளிக்குக் குறைந்தால் அவன் கைப்பணம் போகிறது.

அவன் வாங்கியதோ 25. ஒரு நாளைக்கு நாலு வீடு என்றே தாராளமாக வைத்தாலும் மாதக் கூலி 2,200. வேனும் எண்ணெயும் மற்றதும் போக மிச்சம் 750 வெள்ளி. வீட்டில் மனைவியும் ஐந்து மாதக் குழந்தையும். அப்படியானால் இத்தனை நாள் எப்படிச் சாப்பிட்டான்? குழாயில் 40, வால்வில் 10, பைப்பில் 15 என்று சாமானில் எடுத்துச் சாப்பிட்டிருக்கிறான். அதற்கு நாம்தான் பில் எழுதிக் கொடுத்தோம்.

இங்கேதான் நம்மைச் சில இரவுகள் தூங்கவிடாத கேள்வி வருகிறது. அம்மையார் கொடுத்தது குழாய்க்கு 120, கூலி 25, அன்பளிப்பு 5, ஆக 150 வெள்ளி. நேர்மையாகச் சொல்லியிருந்தால் குழாய் 95, கூலி 60, ஆக 155 ஆகியிருக்கும். பொய்க் கணக்கில் அவர் கொடுத்தது மெய்க் கணக்கைவிட 5 வெள்ளி குறைவு! அப்படியிருக்க அநியாயம் எங்கே? பிள்ளை கேட்டதும் இதைத்தான். சகோதரர்களில் சிலரும் இதைப் படிக்கும்போது இதையே கேட்பார்கள்.

பொய் ஹராம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். அது உண்மைதான். ஆனால் அதை அறியாதவர் நம்மில் யார்? அறிந்துகொண்டேதான் எழுதிக் கொடுத்தோம். ஆகவே அந்தப் பொய் யார் தலையில் விடிகிறது என்று பார்ப்போம்.

குழாய் விலை தெரிந்த சாமர்த்தியசாலி ஒருவர், தாமே கடைக்கு வந்து 95-க்கு வாங்கிவைத்துக்கொண்டு, மாட்ட மட்டும் இவனைக் கூப்பிடுகிறார். அவருக்குச் செலவு 120 வெள்ளி. அந்த வேலையில் பிள்ளைக்கு உண்டாகும் நஷ்டத்தைக் கட்டுவது யார்? "நீயே வாங்கிட்டு வா தம்பி" என்று நம்பி ஒப்படைத்த அம்மையார். சந்தேகப்பட்டவருக்கு மலிவு, நம்பியவருக்குக் கூடுதல். மறைவில் எடுக்கும் கூலி எப்போதும் நம்பியவரிடமிருந்தே எடுக்கப்படுகிறது. நம்பாதவரிடம் எடுக்க வழியில்லையே.

இன்னொருவருக்கும் இதில் அடி விழுகிறது. குழாய் மாட்ட 25 வெள்ளிதான் நியாயம் என்று அம்மையார் நம்பிவிட்டார். நாலு பேரிடமும் சொல்லியிருப்பார். நாளை வேறொரு தொழிலாளி உள்ளதை உள்ளபடி 60 என்றால் அவன் கொள்ளைக்காரனாகத் தெரிவான். நம் பிள்ளையின் நல்ல பெயர் அந்த முகம் தெரியாத மனிதனின் பெயரைக் கெடுத்துச் சம்பாதித்தது. குறைத்து வாங்குவது தருமம் என்றே நாம் எண்ணியிருந்தோம். குறைத்ததை வேறு வழியில் எடுக்காதவரைதான் அது தருமம்.

மதரஸாவில் ஓதிய காலத்தில் கூலியைப் பற்றிய பாடம் வந்தபோது நாம் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்திருப்போம் போலும். இப்போது ஓர் ஆலிமிடம் போய்த் திரும்பக் கேட்டோம். அவர் விளக்கியது தொழிலாளிக்கு அளந்து தைத்த சட்டைபோல் பொருந்துகிறது. ஒருவர் பணத்தில் அவருக்காகப் பொருள் வாங்கப் போகிறவன் அவருடைய வகீல். கடையில் கிடைக்கும் தள்ளுபடி அனுப்பியவருக்கே சேரும். தானே பொருளை வாங்கி, இன்ன விலை என்று சொல்லி விற்பவன் வியாபாரி. அதில் வரும் லாபம் அவனுக்கு ஹலால். "குழாயும் கூலியும் சேர்த்து 155" என்று பிள்ளை சொல்லியிருந்தால் நாம் கொடுத்த 15 வெள்ளித் தள்ளுபடி அவனுக்குரியதே. அதை யாருக்கும் விவரிக்க வேண்டியதுமில்லை. வகீலின் சட்டையைப் போட்டுக்கொண்டு, "கடையில இவ்வளவுதான் ஆச்சு, இதோ பில்" என்று வியாபாரியின் லாபத்தை எடுப்பதுதான் கூடாது. எடுத்த தொகை பெரிதா சிறிதா என்பது அதற்குப் பிந்திய கேள்வி.

வேலையிலும் இரு வகை உண்டு என்றார். செய்யும் வேலையும் கூலியும் முன்கூட்டியே தெரிந்திருந்தால் அது இஜாரா. இன்ன காரியம் முடிந்தால் இன்ன தொகை, அதற்கு எவ்வளவு பாடு ஆகும் என்பது தெரியாது என்றால் அது ஜுஆலா. காணாமற்போன அரசரின் பாத்திரத்தைக் கொண்டுவருபவருக்கு ஓர் ஒட்டகச் சுமை தானியம் என்று யூசுப் நபி (அலை) வரலாற்றில் வருகிறதே, அதையே இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். குழாய் மாற்றுவது இஜாரா. சுவருக்குள் எங்கோ கசிகிறது, கண்டுபிடித்து நிறுத்து என்பது ஜுஆலாவுக்கு அருகில் வருகிறது. அதிலே காரியம் முடியாவிட்டால் தொகை கேட்க முடியாது. ஆகவே முடிந்தபோது கொஞ்சம் கூடுதலாக இருப்பதும் நியாயமே. நம் தொழிலாளிகள் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். கசிவு நிற்கவும் இல்லை, மணிக்கணக்குப் பார்த்துக் கூலியும் வேண்டும் என்றால் வீட்டுக்காரர் எப்படிச் சம்மதிப்பார்?

கசிவு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் சொட்டுவது இந்தப் பழைய புளோக்குகளில் ஓயாத வழக்கு. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் நல்லெண்ணப் பழுதுபார்ப்புத் திட்டத்தில் செலவில் பாதியைக் கழகம் ஏற்கிறது. மீதியை மேல்வீடும் கீழ்வீடும் ஆளுக்குக் கால் பங்காகக் கொடுக்கின்றன. அந்த ஏற்பாட்டுக்குப் போகாமல் வெளியாளைக் கூப்பிடுகிறவர்கள், அவன் வாய்ச் சொல்லையே தீர்ப்பாகக் கேட்கிறார்கள். அவனோ "பரிசோதனை இலவசம்" என்று அட்டை அடித்து வைத்திருக்கிறான். இலவசமாகப் பார்க்கிறவனுக்குப் பழுது இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அன்றைய எண்ணெய்க் காசு போச்சு. ஆகவே பார்ப்பதற்கு ஒரு கூலியை வெளிப்படையாக வாங்கிக்கொண்டு, "ஒன்றுமில்லை, தரை ஓட்டின் இடுக்கை அடைத்தால் போதும்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போகக்கூடிய நிலையில் தொழிலாளி இருக்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

இனி, "விரும்பித்தானே கொடுத்தார்" என்னும் வாதம். இதைக் கடைத்தெருவில் நாள்தோறும் கேட்கிறோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில், சம்பாத்தியத்தைப் பற்றிய பகுதியில், பஸ்ராவின் துணி வியாபாரி யூனுஸ் இப்னு உபைத் (ரஹ்) அவர்களின் செய்தியைச் சொல்லுகிறார்கள். அவர் தொழுகைக்குப் போயிருந்த சமயம், கடையிலிருந்த சகோதரன் மகன் 200 திர்ஹம் பெறும் ஆடையை ஒரு நாட்டுப்புற அரபிக்கு 400-க்கு விற்றுவிட்டான். வழியில் அந்த அரபியைக் கண்ட யூனுஸ் அவர்கள் விலை கேட்டறிந்து, திரும்பி வரும்படி அழைத்தார். எங்கள் ஊரில் இது 500 பெறும், எனக்குத் திருப்தியே என்றார் அந்த மனிதர். யூனுஸ் அவர்கள் விடவில்லை. கடைக்குக் கூட்டிவந்து 200 திர்ஹத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் ஓய்ந்தார். அவர் சம்மதித்துத்தானே வாங்கினார் என்றான் பையன். உனக்கென்றால் இதற்குச் சம்மதிப்பாயா என்பதுதான் யூனுஸ் அவர்கள் கேட்டதன் சாரம். அறியாமல் கொடுத்த சம்மதத்தை அவர் சம்மதமாகவே எண்ணவில்லை.

பழங்கதை என்று தள்ளுவோருக்கு நம் ஊர்ச் செய்தி ஒன்று. புருணை அரச குடும்பத்தைச் சேர்ந்த நோயாளி ஒருவருக்கு 2007-ல் ஏறக்குறைய ஏழு மாதச் சிகிச்சைக்காக இரண்டு கோடியே நாற்பது லட்சம் வெள்ளிக்குமேல் பில் போட்டார் ஓர் அறுவை மருத்துவர். மருத்துவ மன்றம் 2012-ல் அவரை மூன்று ஆண்டுகளுக்குத் தொழில் செய்யாமல் நிறுத்தி வைத்தது. மேல்முறையீட்டை 2013-ல் தள்ளிய உயர் நீதிமன்றம், நோயாளி எவ்வளவு செல்வந்தராயினும், தொகைக்கு ஒப்புக்கொண்டிருந்தாலுங்கூட, நியாயமான கட்டணம் மட்டுமே வாங்கும் கடமை மருத்துவருக்கு உண்டென்று தீர்ப்புக் கூறிற்று. வயிற்றுக்குள் என்ன இருக்கிறதென்று நோயாளிக்குத் தெரியாது. சுவருக்குள் என்ன இருக்கிறதென்று வீட்டுக்காரருக்குத் தெரியாது. சட்டம் பிளம்பர்மீது அந்த அளவு கடமையைச் சுமத்தவில்லை. ஆனால் 2004-ல் நடப்புக்கு வந்த பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக)ச் சட்டம், முன்பு சொன்ன மதிப்பீட்டைவிட மிகக் கூடுதலாக, முன்சம்மதம் பெறாமல் வாங்குவதை நியாயமற்ற வழக்கம் என்றே குறிக்கிறது.

இப்படியெல்லாம் குழம்புவானேன், நம் சங்கமே ஒரு விலைப்பட்டியல் அச்சடித்து, நம்மவர்களுக்கெல்லாம் கொடுத்துவிடலாமே என்றார் ஒரு பெரியவர். நல்லெண்ணந்தான், ஆனால் அது ஆபத்து. இவ்வூரில் 2004-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம், தொழில் செய்வோர் கூடி விலையைக் கட்டுவதைத் தடுக்கிறது. மலேசியாவுக்கு ஓடும் விரைவுப் பேருந்து நிறுவனங்கள் 16-க்கும் அவற்றின் சங்கத்துக்கும் 2009-ல் அபராதம் விழுந்தது அதனால்தான். சிங்கப்பூர் மருத்துவச் சங்கம் 1987 முதல் வெளியிட்டு வந்த கட்டண வழிகாட்டியை இச்சட்டத்துக்கு அஞ்சி 2007-ல் மீட்டுக்கொண்டது. பின்பு 2018-ல் சுகாதார அமைச்சே கட்டண அளவுகோல்களை வெளியிட வேண்டியதாயிற்று. குழாய் வேலைக்கு அப்படி யாரும் வெளியிடப்போவதில்லை. ஆகவே ஒவ்வொருவனும் தன் நோட்டைப் பார்த்துத் தன் கூலியைத் தானே கண்டுபிடிக்க வேண்டியதுதான்.

கண்டுபிடித்ததை எல்லோருக்கும் ஒன்றாகச் சொல்வது அடுத்த படி. இங்கிலாந்தில் 17-ஆம் நூற்றாண்டில் குவேக்கர் என்னும் கிறிஸ்தவக் கூட்டத்து வியாபாரிகள், ஒரு விலை கேட்டு வேறு விலைக்குக் கொடுப்பதே பொய் என்று கருதிப் பேரத்தை நிறுத்தினார்கள். மக்கள் முதலில் சிரித்தார்கள்; பிறகு சின்னப் பிள்ளையை அனுப்பினாலும் அங்கே ஏமாற்றமிராது என்று கண்டு அவர்களையே நாடினார்கள். பேரம் பேசுவதே பாவம் என்று நாம் சொல்லவில்லை. தேக்கா கடைத்தெருவில் வளர்ந்தவர் எவரும் அப்படிச் சொல்லத் துணியார்.

அவசர வேலைக்கு என்ன செய்வது? சென்ற நோன்புப் பெருநாளின் முந்தின இரவு ஒரு வீட்டில் தொட்டி அடைத்துக்கொண்டது. விடிந்தால் விருந்தாளிகள். பிள்ளை 200 வெள்ளி கேட்டான். வாய் பேசாமல் கொடுத்தார்கள். ஒரு மணி நேர வேலை. வஞ்சகம் இல்லாதவரை இதை அநியாயமென்று சொல்ல முடியாது. ஆனால் வாங்குபவரின் கடுந்தேவையைக் கண்டு வழக்கத்துக்கு மிஞ்சிய லாபத்தை அவரே நீட்டினாலும், அதை மறுப்பதுதான் இஹ்ஸான் என்பது இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் கருத்து. இரவில் எழுந்து போவதற்கு உண்மையிலேயே பாடு அதிகம்; அதற்குக் கூலி உண்டு. அந்தக் கூலி எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள் என்பதைப் பொறுத்து ஏறலாம். எவ்வளவு பதறினார்கள் என்பதைப் பொறுத்து ஏறக்கூடாது. இப்போது இரவு பத்து மணிக்குமேல் 40 வெள்ளி கூடுதல் என்று போனிலேயே சொல்லிவிடுகிறான். யார் கூப்பிட்டாலும் அதே 40.

ஏழைக்குக் குறைப்பதைப் பற்றி நமக்கே இன்னும் தெளிவில்லை. கூலி 60 என்று எழுதி, தள்ளுபடி 30 என்று கீழே கழித்துக் காட்டினால் உண்மையான விலை தெரியும். அடுத்த தொழிலாளிக்குக் கெடுதலில்லை. ஆனால் சில வீடுகளில் அந்தத் "தள்ளுபடி" என்ற சொல் முள்ளாகக் குத்தும். அங்கே ஒன்றும் எழுதாமல், இன்றைக்கு இவ்வளவு போதும் என்று எழுந்து வருவதே மேல் என்று தோன்றுகிறது. ஒன்று மட்டும் நிச்சயம்: அந்த 30 வெள்ளி அவன் சட்டைப்பையிலிருந்து போக வேண்டும், அடுத்த வீட்டுக்காரரின் குழாய் விலையில் ஏறக்கூடாது.

இடையில் ஒரு வார்த்தை. பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்யாத சிலர் பில்லின் அடியில் 9 விழுக்காடு வரி என்று ஒரு வரி சேர்க்கிறார்கள். ஆண்டு வருமானம் பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டாத சிறு தொழிலாளிக்குப் பதிவு கட்டாயமில்லை. பதிவில்லாமல் வரி வாங்குவது குற்றம். இதை நம்மவர்கள் அறிந்துகொள்வது நல்லது.

பிள்ளை இப்போது ஓர் அட்டை அடித்திருக்கிறான். வந்து பார்க்க இவ்வளவு, குழாய் மாட்ட 60, கடை விலையிலேயே சாமான் என்று அதில் இருக்கிறது. முதல் மாதம் போன் பாதியாகக் குறைந்தது. "இருவத்தஞ்சுக்குச் செஞ்ச பையன், இப்ப ஆசை வந்துடுச்சு" என்று ஒரு வீட்டில் சொன்னார்களாம். அதைச் சொல்லும்போது அவன் கண் கலங்கிற்று. நாம் தேநீர் வாங்கிக் கொடுத்தோம், வேறென்ன செய்வது? மூன்றாவது மாதத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறார்கள். பழைய சம்பளத்தை இன்னும் எட்டவில்லை.

நம் கடையில் தட்டு விலைக்குமேல் பில் எழுதுவதை நிறுத்திவிட்டோம். வாடிக்கையாயிருந்த இரண்டு தொழிலாளிகள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். ஒருவர் பதினைந்து வருஷப் பழக்கம். தெருவில் கண்டாலும் ஸலாம் சொல்லிவிட்டு வேகமாகப் போகிறார். இருபது வருஷத்தில் எத்தனை பில் அப்படி எழுதினோம், யார் யார் வீட்டுப் பணம் அதில் போயிற்று என்பதற்குக் கணக்கே இல்லை. உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத பணத்தை அவர்கள் பெயரால் தருமம் செய்துவிட வேண்டும் என்றார் ஆலிம். பணத்தை எடுத்தது நாம் அல்லவே என்று மெல்லக் கேட்டோம். அவர் பதில் சொல்லாமல் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். மாதம் ஒரு தொகையை ஒதுக்கிக் கொடுத்து வருகிறோம்.

அந்த அம்மையார் சென்ற வாரம் வந்தார். குளியலறையில் பழைய இரும்புப் பைப் துருப்பிடித்துத் தண்ணீர் சிவப்பாக வருகிறதாம். அந்தத் தம்பியையே அனுப்புங்கள் என்றார். அவன் போய்ப் பார்த்து, சாமானையும் கூலியையும் தனித்தனியாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். வேறு இரண்டு இடத்திலும் விலை கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாராம்.